மூன்று வீட்டில் ஒரு நெற்றி

இதில் ஓர் எழுத்துப் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இன்றே விழட்டும்.

அண்ணனுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. பார்வை இன்னும் ஒரு மாதம்தான் என்று கண் டாக்டர் கைவிரித்துவிட்டார். அதற்குள் கடல்தாண்டிப் போன மகளின் கல்யாணத்தைத் திரையிலாவது பார்த்துவிட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் கட்டடத்தில் எந்த வீட்டு இன்டர்நெட்டும் ஒரு முழுப் படத்தை இழுக்காது. ஐந்தாம் மாடி இன்ஜினியர், நாங்கள் சிலந்தி என்போம், ஒரு வழி கண்டுபிடித்தான். ஒவ்வொரு வீட்டுக் கம்ப்யூட்டரும் நேரலைப் படத்தில் ஒரு துண்டை மட்டும் இழுத்து, கட்டடத்துக்குள் ஓடும் கம்பி வழியாக அண்ணனுக்கு அனுப்பும். ஒத்திகையில் பெண்ணின் நெற்றி தையல்காரர் வீட்டிலிருந்து வந்தது, மோவாய் பல் டாக்டர் வீட்டிலிருந்து. தையல்காரர் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினார். ஃபியூஸ் போய் நெற்றியும் போயிற்று.

சிலந்தி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் மூன்று வீட்டில் வைத்தான். "ரெண்டு பேர் அணைச்சாலும் மூணாவது ஆள் இருப்பாரு தாத்தா. இனிமே அறுபடாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். இதையே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

கல்யாணத்தன்று காலை பத்து மணிக்கு மகள் திரையில் வந்தாள், சிரிக்க வாயெடுத்தாள். இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களே என்று தையல்காரர் இஸ்திரி போட்டார். அந்த இரண்டு பேரும் அதையே நினைத்துக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே கிளம்பினார்கள். நெற்றி போனது. அப்புறம் கண்கள், வாய். சிலந்தி வீட்டிலிருந்து வந்த ஒரு காதுதான் மிஞ்சியது.

நான் மாடி மாடியாக ஓடினேன். ஓடிய ஓட்டத்தில் என் நிழல் மூன்றாம் மாடியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது. நான் அதற்காக நிற்கவில்லை. பல் டாக்டர் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"என் ஒருத்தனால என்ன குடி முழுகிடப் போகுது பெரியவரே? இன்னும் ரெண்டு பேர் இருக்காங்கல்ல."

திரும்பி வந்தபோது அண்ணன் அந்தக் காதருகே வாயை வைத்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாம் பேசுவது அந்தப் பக்கம் போகாது என்று நான் சொல்லவில்லை. சற்று நேரத்தில் காதும் கலைந்தது.

"முடிஞ்சிருச்சா தம்பி?"

"முடிஞ்சிருச்சுண்ணே."

"எப்படி இருந்தா?"

"உங்க ஜாடைதான்."

அவர் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் டாக்டர் சொன்ன மாதம் முடியுமுன்பே பார்வை முழுக்கப் போய்விட்டது.

இதெல்லாம் நடந்தது போன வருடம். அந்தக் கட்டடத்தில் பதினோரு வருடமாக நான் ஒருவன்தான் குடியிருக்கிறேன்.