எட்டாம் எண் கேள்வி

கண்டக்டரக்கா எம்.பி. ஆகி ஒன்றரை வருஷம் ஆகியும் ஊரில் ஒருத்தர்கூட அவளை எம்.பி. என்று கூப்பிடவில்லை. பதினேழு வருஷம் ஒரே வழித்தடத்தில் டிக்கெட் கிழித்தவள். சந்தைக்குப் போகிற மூட்டையையும், பிரசவத்துக்குப் போகிற பெண்ணையும், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் அடைத்து, ஒருத்தரையும் வழியில் விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவள். எந்தக் கட்சியும் திரும்பிப் பார்க்காததால் சுயேச்சையாக நின்றாள், பெரிய பெரிய தலைகளெல்லாம் வாயைப் பிளக்கும்படி ஜெயித்தாள். தலைநகருக்குப் போனால், நாடாளுமன்றத்தில் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் ஓர் இடம் கொடுத்தார்கள். பஸ்ஸிலும் நமக்குப் பின்படிதானே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பம்பு ஆப்பரேட்டரின் பெண்டாட்டி அவளைத் தேடி வந்தது ஒரு திங்கட்கிழமை. அந்தப் பெண் கடைத்தெருவில் சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருந்தாள். புருஷன் தண்ணீர்த் தொட்டிக்குப் பொறுப்பு. விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் போய் வால்வைத் திறந்தால்தான் நாலு தெருவுக்குத் தண்ணீர் வரும். அந்த வால்வுக் குழிக்குள் இறங்கியபோதுதான் பாம்பு கடித்திருக்கிறது. எலியாக இருக்கும் என்று நினைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, நடந்தே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார். போய்ச் சேர்வதற்குள் இமை தொங்கிவிட்டது, நாக்குக் குழறிவிட்டது, கால் பின்னிவிட்டது. விஷம் அப்படித்தான் செய்யும். அங்கே இருந்தவருக்கு அது தெரியவில்லை. 'மது அருந்திய நிலையில் வந்தார், வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொல்லப்பட்டது' என்று சீட்டில் எழுதி அனுப்பிவிட்டார். வீட்டில் பல் பதிந்த தடத்தைப் பார்த்துவிட்டு வேனில் ஏற்றினார்கள். ஒன்பது மணிக்கு, ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வேனிலேயே மூச்சு நின்றுவிட்டது.

சோடா குடித்தாலே ஏப்பம் வருகிறது என்று ஒதுக்கி வைக்கிற மனுஷன். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனால் சீட்டில் எழுதியாயிற்றே, ஊர் வாய்க்கு அது போதாதா? குடித்துவிட்டு எங்கேயோ விழுந்து கிடந்திருக்கிறான், அங்கேதான் கடித்திருக்கும் என்று டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு, பத்தாம் வகுப்பில் படிக்கிற மகளின் வகுப்பறை வரைக்கும் போய்விட்டது. அந்தப் பிள்ளை நாலு நாளாகப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

சுகாதார நிலையத்தில் போய்க் கேட்டதற்கு, எழுதினதை மாற்ற முடியாது என்றார்களாம். மாவட்ட ஆபீசில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்களாம், வைத்துக்கொண்டதோடு சரி.

"அந்தச் சபையில பேசுறதெல்லாம் அச்சாகுமாமே. டிவியிலயும் வருமாமே. அங்க சொல்லுங்கக்கா. எங்க வீட்டுக்காரர் குடிக்கலைன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க" என்றாள்.

சொல்கிறேன் என்று கண்டக்டரக்கா வாக்குக் கொடுத்தாள். யோசித்துக் கொடுத்ததில்லை. பிறகுதான் யோசித்தாள். விஷமுறிவு ஊசி அந்தச் சுகாதார நிலையத்தில் ஏன் இல்லை? இருபத்துநாலு மணி நேரமும் டாக்டர் இருக்கிற இடத்தில்தான் அந்த ஊசியை வைக்கலாம் என்று ஒரு விதி. அவள் தொகுதியில் அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருஷத்தில் இதனாலேயே நாலு உயிர் போயிருந்தது. ஊசியைக் கேட்கிற சாக்கில் பம்பு ஆப்பரேட்டரின் கதையையும் சொல்லிவிட்டால் இரண்டும் ஒரே வண்டியில் போய்ச் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

அவளுடைய தங்கை வீட்டுக்காரர்தான் அவளுக்கு உதவியாளர். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். சபை விதிப் புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிற ஆள். கேள்வியை அவர்தான் தட்டச்சு செய்து கொடுத்தார். எந்தக் கேள்வி முதலில் என்று போடுகிற குலுக்கலில் அது எட்டாம் எண்ணாக விழுந்தது. கண்டக்டரக்கா சந்தோஷப்பட்டாள். மாப்பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான். ஒவ்வொரு கேள்விக்கும் அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் எழுந்து துணைக் கேள்வி கேட்பார், அப்புறம் இன்னும் இரண்டு பேர் நானும் நானும் என்று கையைத் தூக்குவார்கள். ஐந்தாம் கேள்வியைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிடும். ஆறாம் எண்ணுக்கு மேலே விழுந்தவர்கள் அன்றைக்குச் சபைக்கு வருவதே இல்லை என்று மாப்பிள்ளை புள்ளிவிவரம் சொன்னார்.

"முன்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"ஏழு பேருக்கா."

"ஏழு பேர்தானே? எழுபது பேர் நின்னுக்கிட்டிருக்கற பஸ்ஸுல ஒரு பிள்ளைத்தாச்சிக்கு இடம் வாங்கிக் குடுத்தவ நான்."

அன்றைக்கே கிளம்பிவிட்டாள். கையில் அந்தப் பட்டியல், காலில் பழைய செருப்பு, அவ்வளவுதான். முதல் எண்காரர் ஆளும்கட்சி. தன் அமைச்சரைத் தானே புகழ்வதற்காக ஒரு கேள்வி போட்டிருந்தார். உங்கள் புகழ் ஊரறிந்தது, அதை ஒரு நிமிஷத்தில் சொன்னால் இன்னும் கெத்தாக இருக்கும் என்று அவருக்கு ஐஸ் வைத்தாள். இரண்டாம் எண்காரர் அவள் சொன்னதைக் கேட்டதும், தன் அப்பாவைப் பாம்பு கடித்த கதையைச் சொல்லி முக்கால் மணி நேரம் பிடித்து வைத்தார், கடைசியில் துணைக் கேள்வியை விட்டுவிடுவதாகக் கையில் அடித்துச் சொன்னார். மூன்றாம் எண்காரர் எப்போதும் சபைக்கு வராத மனிதர். இந்த ஒரு தடவை மட்டும் அவர் திருந்திவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். நாலும் ஆறும் ஒரே கட்சி. இரண்டு பேரையும் சபைக் கேண்டீனில் பிடித்து, ஆளுக்கொரு காபி வாங்கிக் கொடுத்துச் சம்மதிக்க வைத்தாள். ஏழாம் எண்காரர் எப்படியும் தன் முறை வராது என்று ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தார். அவரை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் வண்டி ஏற்றிவிட்டுத்தான் திரும்பினாள்.

மசியாதது ஐந்தாம் எண்தான். கடலோரத் தொகுதிக்காரி, ஆறு தடவை ஜெயித்தவர், அவர் வாயைத் திறந்தால் அமைச்சர்கள் தண்ணீர் கிளாஸைத் தேடுவார்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"எங்க ஆளுங்க பதினோரு பேர் கடல்ல போய் இன்னும் திரும்பல. அதைத்தான் கேட்கப் போறேன். இதுல எதைம்மா நான் குறைச்சுக்கிறது?"

கண்டக்டரக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எல்லோரும் ஏதோ ஒருத்தர் கண்ணீரைத்தான் சுமந்துகொண்டு வருகிறார்கள், தான் மட்டும் புதுசாக எதையும் கொண்டுவந்துவிடவில்லை என்று உறைத்தது. நீங்கள் முழுசாகக் கேளுங்கள், நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பின்வாங்குகிற எண்ணம் துளியும் வரவில்லை.

குறித்த புதன்கிழமை கேள்வி நேரம் தொடங்கியது. சபையில் அன்றைக்கு என்ன அதிசயம் என்று பத்திரிகைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் எண்காரர் வழக்கம்போல வரவில்லை; ஒன்று, இரண்டு, நாலு எல்லாம் சரசரவென்று ஓடின. ஐந்துக்கு மட்டும் முப்பத்தாறு நிமிஷம் பிடித்தது. அந்த அம்மாள் அமைச்சரின் கண்ணில் விரலை விட்டு ஆட்டினார். கண்டக்டரக்கா கடிகாரத்தைப் பார்க்காமல் அதைக் கேட்டாள். ஆறு சொன்னபடி சுருக்கமாக முடிந்து, எட்டாம் எண்ணை அவைத் தலைவர் கூப்பிட்டபோது நாலு நிமிஷம் இருந்தது.

சுகாதார அமைச்சர் எழுந்தார். அவருக்கா விவரம் தெரியாது? நாடு முழுக்க எத்தனை வகைப் பாம்பு இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்து, பக்கம் பக்கமாக, சொல்லுக்குச் சொல் மூச்சு விட்டு விட்டு வாசித்தார். நேரத்தைத் தின்பதற்கென்றே எழுதிய பதில். அவர் உட்கார்ந்தபோது முழுசாக ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை.

கண்டக்டரக்கா எழுந்தாள். மாப்பிள்ளை எழுதிக் கொடுத்து அவள் நெட்டுரு போட்டிருந்த விளிப்பு தன்னால் வாயில் வந்தது. மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் எளியவளான எனக்கு இந்த மாமன்றத்தில் பேச வாய்ப்பளித்த தங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொண்டு, என்று அது நீண்டுகொண்டே போனது. அதை முடித்து, "எங்க ஊர்ல ஒரு பம்பு ஆப்பரேட்டர்..." என்று ஆரம்பித்தாள்.

"கதை வேண்டாம். இன்னும் இருபது விநாடி. கேள்வியைக் கேளுங்கள்" என்றார் அவைத் தலைவர்.

இருபது விநாடியில் ஒன்றைத்தான் கேட்கலாம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பதினேழு வருஷத்தில் வராத நிலைமை. வண்டி கிளம்பியாயிற்று, படியில் இரண்டு பேர் கை நீட்டுகிறார்கள், ஒரு கையைத்தான் பிடிக்க முடியும்.

"டாக்டர் இல்லாத இடத்துல நர்சே முதல் ஊசியைப் போடலாம்னு மூணு மாசத்துக்குள்ள உத்தரவு போடுவீங்களா, மாட்டீங்களா? ஒரு வார்த்தை போதும்" என்றாள்.

அமைச்சர் காகிதத்தைப் புரட்டினார். பரிசீலனை என்று வாயெடுத்தார். ஐந்தாம் எண் அம்மாள் மேஜையை ஓங்கித் தட்டினார். அவரைப் பார்த்து இரண்டாம் எண்காரரும் தட்டினார், அப்புறம் கட்சி வித்தியாசம் இல்லாமல் பாதிச் சபையும் தட்டியது.

"போடுகிறோம்" என்றார் அமைச்சர். மணி அடித்தது.

வெளியே எல்லோரும் கை குலுக்கினார்கள். முதல் தடவை வந்த எம்.பி. ஒரே வார்த்தையில் அமைச்சரை மடக்கிவிட்டாள் என்று பேச்சு. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. கண்டக்டரக்காவோ கும்பலை விட்டு விலகிப் போய்ப் பஞ்சர் கடைக்கு மூன்று தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை.

ஊருக்குப் போனதும் நேரே கடைக்குத்தான் போனாள். அந்தப் பெண் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லி ஸ்டூலைத் தள்ளினாள். கோபத்தில் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"ஊசி வரும்னு கேட்டேன். சந்தோஷம்க்கா. இனிமே யாரும் சாக வேண்டாம்." டியூபைத் துடைத்தாள். "எங்க வீட்டுக்காரர் மட்டும் இன்னும் குடிகாரராத்தான் இருக்காரு."

கண்டக்டரக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாக்குச் சொல்லவில்லை. நேரம் போதவில்லை என்று சொன்னால் அது உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் பாதியைத் தின்றது தன்னுடைய நன்றியுரைதான் என்பதும் உண்மை. அதைச் சொன்னாள். கூட வந்திருந்த மாப்பிள்ளை, எழுத்து மூலமாகக் கேள்வி அனுப்பலாம், அதற்கு நிச்சயம் பதில் வரும், அச்சிலும் ஏறும் என்று யோசனை சொன்னார்.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "ஊரு வாயாலதானே சொல்லுச்சு? நீங்களும் வாயாலதான் சொல்லணும்."

அது நியாயம் என்று கண்டக்டரக்கா சொன்னாள்.

அடுத்த கூட்டத் தொடருக்குள் உத்தரவு வந்தது, சுகாதார நிலையத்தில் ஊசி வைக்கக் குளிர்பெட்டியும் வந்தது. கரும்பு வெட்டப் போன ஒரு பெண்ணைப் பாம்பு கடிக்க, நர்ஸ் ஊசி போட்டு, அவள் மூன்றாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனாள். ஊரே கண்டக்டரக்காவைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. அவள் அதை ஒரு காதில்கூட வாங்கவில்லை.

தொடர் தொடங்கியதும் தினமும் காலை எட்டு மணிக்கே சபைச் செயலகத்தில் போய் நின்றாள். கேள்வி நேரம் முடிந்த பிறகு, தொகுதிப் பிரச்சினை பேச உறுப்பினர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிஷம் தருவார்கள். அதற்கும் குலுக்கல்தான். ஒரு நாள், இரண்டு நாள், பத்து நாள் என்று பெயர் வரவில்லை. உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று குமாஸ்தா கேலி செய்தார். இதுதான் வேலை என்றாள். பதினான்காம் நாள் விழுந்தது, பட்டியலில் கடைசியாக.

அன்றைக்கும் நேரம் இழுத்துக்கொண்டே போனது. அவள் முறை வந்தபோது அவைத் தலைவர் ஏற்கெனவே காகிதங்களை அடுக்க ஆரம்பித்திருந்தார். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. கண்டக்டரக்கா அவைத் தலைவரைக்கூட விளிக்கவில்லை.

"எங்க ஊர் பம்பு ஆப்பரேட்டர் குடிக்கலை. அவரைப் பாம்பு கடிச்சிருந்தது. அரசாங்கச் சீட்டுல தப்பா எழுதியிருக்கு."

சபை ஒரு கணம் விழித்தது. அவைத் தலைவர் கையை உயர்த்தினார். உறுப்பினர் முதலில் அவையை விளித்துவிட்டுத்தான் பேச வேண்டும், இது மரபு என்று கண்டித்தார்.

"தெரியுங்கய்யா. போன தடவை மரபைத்தான் முதல்ல சொன்னேன், இதுக்கு நேரமில்லாமப் போச்சு. இப்ப விளிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே என்று ஆரம்பித்து, அந்தச் சீட்டைத் திருத்த வேண்டும், விஷத்துக்கும் போதைக்கும் வித்தியாசம் பார்க்கச் சுகாதார நிலைய ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று மிச்ச நேரத்தில் கேட்டாள். மைக் அணைந்தபோது அவள் பாதி வாக்கியத்தில் இருந்தாள். அது பரவாயில்லை என்று உட்கார்ந்தாள்.

நடைபாதைக்கு வருவதற்குள் போன் அடித்தது. பஞ்சர் கடை. எடுத்தாள். அந்தப் பக்கம் கடைத்தெருச் சத்தம் கேட்டது.

"டிவியை வாசல்ல தூக்கி வச்சிருந்தேங்க்கா. சத்தமாத்தான் வச்சேன். டீக்கடையில இருந்தவங்க எல்லாம் எந்திரிச்சு வந்து பாத்தாங்க."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல." குரல் உடைந்தது. "அவர் போனதுலேருந்து கோவத்துலயே இருந்துட்டேங்க்கா. இன்னிக்குத்தான் அவர் செத்துட்டார்னு அழுதேன்."

கண்டக்டரக்கா சுவரில் சாய்ந்துகொண்டு, அவள் அழுது முடிக்கிற வரைக்கும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.