மூன்று சலாம் சொல்லும் பெட்டி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. ‘கல்முனையில் எண்பத்தொன்பதிலேயே கம்பியூட்டர் புரோகிராம் எழுதினார்கள்’ என்று ஒரு கல்யாண வீட்டில் அளந்துவிட்டேன். யார் என்று கேட்டார்கள். வாயில் வந்த பெயர் ஜவுபர். இனி அவனை உண்டாக்கியே ஆகவேண்டும்.

கடலில் நிலா எழ, ஜவுபர் யன்னலருகே நின்று —

(வேண்டாம். இவனுடைய யன்னல்களெல்லாம் கம்பியூட்டர் திரையில் இருக்கின்றன.)

2

ஜவுபர் சவூதியில் தம்மாமிலிருந்து லீவில் வந்தவன். கூடவே ஒரு கம்பியூட்டரும் வந்தது. மருதமுனைக் கைத்தறிக் கடை சீனிமுகம்மது ஹாஜியாருக்கு, புடவை இருப்பைச் சேலைக்கு ஒரு யன்னல், சாரனுக்கு ஒரு யன்னலாகக் காட்டும் புரோகிராம் எழுதினான். அவர் அதை வாங்கினால் ஊரிலேயே தொழில். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை விமானம். மனைவி கமீலா, கல்யாணமான நாலு வருடத்தில் அவனோடு இருந்தது மொத்தம் ஐந்து மாதம்.

(கதையின் முதல் பிரதியில் அவளுக்கு வசனமே வைக்கவில்லை. என் மடத்தனம்.)

3

ஹாஜியார் ஜவுபரின் வீட்டுக்கு வந்து, மௌஸைப் பிடித்து ‘அச்சிடு’ பொத்தானை அமத்தினார். பிரிண்டரில் தாள் தீர்ந்திருந்தது. ஜவுபர் ஓடிப்போய்ச் செருகினான். அப்போதும் ஒன்றும் வரவில்லை.

“என்ன மனே, பெட்டிக்குக் காது கேக்காதா?”

பிழை ஜவுபரின் வளர்ப்பில் இருந்தது. ஒரு வீட்டு வாசலில் மூன்று தரம் சலாம் சொல்லியும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். புரோகிராமும் அதையே செய்தது. பிரிண்டரை மூன்று தரம் கேட்டது, தாள் வருமுன்பே யாரிடமும் சொல்லாமல் வேலையைக் கைவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் மற்ற யன்னல்களும் அசையவில்லை.

ஹாஜியார் போனபின் கமீலா சிரித்துவிட்டாள்.

“மெசினுக்கு என்னத்துக்கு இந்த மரியாத? வந்த விசயத்தச் சொல்லி வெச்சிட்டு மத்த வேலையப் பாக்கச் சொல்லுங்க. தாள் வந்தா பிரிண்டர் கூப்பிடட்டும்.”

(இதற்கு நிபுணர்கள் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கமீலா சொன்னதுதான் விளங்கியது.)

4

திருத்தி எழுதினான். வியாழன் மாலை ஹாஜியார் மறுபடி வந்தார். அச்சிடச் சொன்னார், அது முடியுமுன்பே சாரன் யன்னலைத் திறந்தார், சேலை யன்னலை மூடினார். எல்லாம் அசைந்தன. நடுவில் தாளும் கடகடவென்று வந்தது.

“நல்லாத்தான் இரிக்கி. யோசிச்சி அடுத்த கிழம சொல்றன், மனே.”

விமானம் நாளைக்கு.

“ஹாஜியார் சொல்ற நேரம் சொல்லட்டும்,” என்றாள் கமீலா. “நீங்க சொல்லுங்க. போறீங்களா, இரிக்கிறீங்களா? எனக்கு இனிக் காத்துக்கிட்டு இரிக்க ஏலா.”

5

முடிவு ஒன்று: ஜவுபர் டிக்கட்டைக் கிழிக்கிறான். (சும்மா சினிமாப் படம் காட்டுகிறேன்.)

முடிவு இரண்டு: அவன் பெட்டி கட்டுகிறான், கமீலா அவனுடைய சட்டையை மடித்து —

(இதற்குமேல் எழுத முடியவில்லை. எனக்கே அழுகை வந்துவிட்டது.)

ஜவுபர் என்னைப் பார்க்கிறான். நான் உங்களைப் பார்க்கிறேன். கமீலா எங்கள் இருவரையும் நம்பாமல் உங்களிடமே கேட்கிறாள்:

“நீங்களாவது சொல்லுங்க. இவர் இரிப்பாரா?”

என்னவாவது சொல்லுங்கள். ‘அடுத்த கிழமை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.