போலாரத்துக்கு ஒரு பண்டி

சிவஞானத்துக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் என்ன செய்யும்? ஹைதராபாத் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்கத் தரப் பரிசோதனை பார்த்த மனுஷர், ஓய்வுபெற்ற கையோடு கோல்ஃப் கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பி, மட்டைகள் அடைத்த பையைத் தோளில் சுமந்து போலாரம் மைதானம் முழுக்க நடந்தால்? "இனிமே பையைத் தூக்கினீங்கன்னா, அப்புறம் கையைத் தூக்க முடியாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பையை வைத்துத் தள்ளிக்கொண்டு போக ஒரு டிராலி வாங்குவதென்று முடிவாயிற்று.

அதற்கு வேளை பார்த்தாரே, அதைச் சொல்லுங்கள்! அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மகள் பூர்ணாவின் தலையெழுத்து முடிவாக இருந்தது. அவளுக்கும் அவளோடு வேலை பார்க்கும் ஜெயந்துக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. பையனின் பெற்றோர் லட்சுமணனும் லலிதாவும் போலாரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள். பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். பூர்ணா சோற்றைக் கொறித்துவிட்டு எழுந்து போவதைப் பார்த்துச் சிவஞானமும் பாதியில் கை கழுவினார்.

"அவங்க காதுல கோல்ஃப்னு ஒரு வார்த்தை விழக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள் மனைவி மங்களம். "பெரிய பணக்காரங்க ஆட்டம்னு நினைச்சு சீரை ஏத்திக் கேப்பாங்க. அப்புறம் யாரு முழிக்கிறது?"

"அவங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையேடி."

"நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு? வாயை மூடிக்கிட்டுப் போய் வாங்கிட்டு வாங்க."

செகந்திராபாத் விளையாட்டுச் சாமான் கடைக்காரர் சலீம் பாய் முதலில் எடுத்துக் காட்டியது இரண்டு சக்கர டிராலி. பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டியது. சிவஞானம் நாலடி இழுத்தார், தோள் சுருக்கென்றது. "நக்கோ பாய், வேணாம்" என்றார். அடுத்தது மூன்று சக்கரம். முன்சக்கரம் அசையாமல் நேரே நின்றது. திருப்ப வேண்டுமானால் கைப்பிடியை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். அதற்குப் பையையே தூக்கிவிடலாமே! மூன்றாவதில் முன்சக்கரம் எந்தப் பக்கமும் சுழன்றது.

சும்மா தள்ளிப் பார்த்து வாங்குகிற ஆளா இவர்? கடையின் குடிதண்ணீர் கேனைத் தூக்கச் சொல்லி அதில் கட்டவைத்தார். ஒற்றைக் கையால் கிரிக்கெட் மட்டைகளுக்கு நடுவே வளைத்தார், கேரம் போர்டுகளைச் சுற்றித் திரும்பினார். விரலால் தொட்டாலே திரும்பியது.

"சரிவுல இழுத்துக்கிட்டு ஓடாதே?"

"பிரேக் இருக்கு சாப். நேரா போகணும்னா முன்சக்கரத்தை லாக் பண்ணிடலாம்."

"மண்ணுல?"

"ஹவ் சாப், ஆமா, மண்ணுலயும் ஓடும். நல்ல பண்டி. தண்ணியை இறக்குங்க, தாகமா இருக்கு."

அவர் கடையில் இப்படி வளைய வந்துகொண்டிருந்த நேரத்தில் லலிதா வீட்டுக்குப் போன் செய்தாள். அண்ணன் எங்கே என்று அவள் கேட்க, கோல்ஃப் என்ற சொல்லை மென்று விழுங்கிய மங்களம், "பண்டி வாங்கப் போயிருக்காரு" என்றாள்.

ஹைதராபாத்தில் ஸ்கூட்டரும் பண்டி, காரும் பண்டி. தெருமுனையில் இட்லியும் மிர்ச்சி பஜ்ஜியும் விற்கிற தள்ளுவண்டியும் பண்டிதான்.

"என்ன பண்டி அண்ணி?"

"தள்ளுற பண்டிதான். தோள்ல சுமந்து சுமந்து வலி வந்துடுச்சு, பாவம். விடியறதுக்குள்ள கிளம்பிடுவாரு. உங்க போலாரம் பக்கம்தான். மிலிட்டரிக்காரங்க நிறைய வருவாங்களாம்."

"சரி அண்ணி, அப்புறம் பேசறேன்" என்று லலிதா அவசரமாகச் சொன்னாள். சீர் ஏறாமல் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் மங்களம் போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டிராலியைப் பால்கனியில் நிறுத்திப் போர்வை போட்டு மூடியிருந்தார்கள். கொடுத்த காபியை லட்சுமணன் தொடவில்லை. லலிதாவின் முகத்தில் தூக்கமே இல்லை. கதவோரம் நின்ற பூர்ணாவைச் சிவஞானம் ஏறிட்டுப் பார்க்கவே பயந்தார்.

"ஒரு வாரமா ராத்திரியெல்லாம் யோசிச்சோம் அண்ணா" என்று லட்சுமணன் ஆரம்பித்தார். "சொந்தக்காரங்க ஒரு மாதிரிதான் பேசுறாங்க. மறைக்க விரும்பல."

சிவஞானம் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்: போச்சு, எல்லாம் போச்சு.

"பேசினாப் பேசட்டும்!" என்று லட்சுமணனே தொடர்ந்தார். "உழைச்சுச் சாப்பிடறதுல என்ன வெக்கம்? பண்டி போட்டா மனுஷன் குறைஞ்சா போயிடுவான்? உங்க பொண்ணுதான் எங்க வீட்டு மருமக. சீர் கீர்னு பேச்செடுத்தீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும். அந்தக் காசைக் கடையில போடுங்க."

"எங்க கேட் பக்கத்துல வேப்பமரம் இருக்கு. நல்ல நிழல்" என்றாள் லலிதா. "இட்லியா, மிர்ச்சியா?"

"எது?" என்றார் சிவஞானம்.

"பண்டியில விக்கிறது!"

சிவஞானம் மங்களத்தைப் பார்த்தார். மங்களம் வாயைத் திற, மூடு, வேண்டாம் என்று கண்ணாலேயே என்னென்னவோ சொன்னாள். அவர் எழுந்து போய் டிராலியை உருட்டிக்கொண்டு வந்து கூடத்தில் நிறுத்தினார். லட்சுமணன் அதைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார்.

"இதுல அடுப்பை எங்கண்ணா வைப்பீங்க?"

உண்மையைச் சொன்னபோது லலிதா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "கைக்கு அண்ணி, ஏன் இப்படிப் பண்ணீங்க? முதல்லயே கோல்ஃப்னு சொல்லியிருந்தா நாங்க ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கியிருப்போமே! இவரு தன் கூடப்பிறந்த அண்ணனோட ஒரு வாரம் வாய்ச்சண்டை போட்டாரு!"

மங்களம் தலையைத் தூக்கவில்லை. சிவஞானத்துக்கோ கண் கலங்கிவிட்டது, கூச்சப்படாமல் துடைத்துக்கொண்டார்.

"சொல்லாததே நல்லதாப் போச்சும்மா. கோல்ஃப் ஆடுறவன் பொண்ணுக்கு யாரு வேணா சரின்னு சொல்லுவாங்க. இட்லி விக்கிறவன் பொண்ணுக்கும் நீங்க சரின்னு சொன்னீங்களே, அதை நான் வேற எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

பூர்ணா ஓடிவந்து லலிதாவின் தோளில் சாய்ந்து அழுதாள். லட்சுமணன் மட்டும் டிராலியின் கைப்பிடியைப் பிடித்தபடி மனசு ஆறாமல் நின்றார்.

"எல்லாம் சரிண்ணா. தெருவுல ஒருத்தர் விடாம உங்க பண்டிக்குச் சாப்பிட வரச் சொல்லி வச்சிருக்கேனே, அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"