கீழவைப்பாருக்கு வந்த மைதானம்

தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியின் வாலிபால் மைதானம், ஜூலை மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், நாலேகால் பஸ்ஸின் பின்னாலேயே கீழவைப்பாருக்கு வந்தது. ரோட்டின் அகலத்துக்குத் தன்னை ஒடுக்கிக்கொண்டதால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லை. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஸ்டெபி இறங்கியதும், அவள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே விரிந்துகொண்டது. நெட் கட்டியபடியே இருந்தது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பயிற்சி நாலரைக்குத் தொடங்கும். நாலேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகு. இருட்டிய பிறகு பொம்பளைப்பிள்ளை தனியாக எதிலும் வரக்கூடாது என்பது அவள் அம்மா அமலோற்பவத்தின் சட்டம். அந்த மாதமும் பயிற்சிக்கு வராவிட்டால் டீமில் இடமில்லை என்று பி.டி. மிஸ் கிருபை சொல்லியிருந்தார்.

மைதானம் வந்தும் ஸ்டெபி ஆடவில்லை. ஊர்ப் பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். அவள் குழாயடியில் நெத்திலி அலசிக்கொண்டே பார்த்தாள். கல்லூரியில் மைதானம் இருந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. ஹாஸ்டல் பிள்ளைகள் அதன் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் அவள் பின்னால் போனாலும், காலை முதல் பெல்லுக்குள் மைதானம் ஒழுங்காகத் திரும்பிவிட்டதால் நிர்வாகம் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அடுத்த வாரம் ஒரு விடியலில் அமலோற்பவம், மண் ஒட்டாத நல்ல தரை வீணாகிறதே என்று நெத்திலியை அதில் காயப்போட்டாள். மட்டையோடு வந்த பையன்கள் முறைத்தார்கள்.

“ஏலே, ஒங்க பந்து என் கருவாட்டுல விழுந்துச்சின்னா அதையும் சேத்துக் காயப்போட்டுருவேன்.”

அவள் அதன்மேல் நின்று காக்கை விரட்டிக்கொண்டிருந்தபோதே மைதானம் கிளம்பிவிட்டது. கல்லூரி வாசலில் வாட்ச்மேன் பாஸ் கேட்டார். நான் வரவில்லை, இதுதான் கூட்டிக்கொண்டு வந்தது என்றாள். விசாரித்து உள்ளே விட்டார்கள்.

கருவாடு காய வெயில் தாழும்வரை ஆகும். நாலு மணிக்கு ஸ்டெபி பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

“ஏளா, எங்க ஓடுத?”

“பஸ்ஸு போயிரும்மா.”

“போவட்டும். இது காயட்டும், சேந்து போவம். அதுவரைக்கும் சும்மா நிக்காம அந்தப் பந்தத் தட்டு.”

கிருபை மிஸ் கருவாட்டுக்கு இடம் விட்டு, ஆட்ட எல்லைக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். அன்று மைதானம் ஆறு மணிவரை அசையவில்லை. பிறகு தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போனது. அதன்பின் தினமும் அப்படித்தான். ஆகஸ்டில் ஸ்டெபி டீமில் இருந்தாள். முதல் மேட்சில் தோற்றார்கள். கருவாட்டில் விழுந்த பந்து அவுட் என்று அம்பயர் தீர்ப்புச் சொன்னார். வெளியூர் டீம் மூக்கைப் பொத்திக்கொண்டே ஆளுக்குக் கொஞ்சம் கருவாடு வாங்கிப்போனது.

நவம்பரில் வானம் மூடிக்கொண்டது. நெத்திலி காயாது. ஊர்ப் பெண்கள் கூடைகளைக் கவிழ்த்து வைத்தார்கள். அமலோற்பவம் வெறுங்கையோடு மைதானத்தில் ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே போகிறாய் என்று பக்கத்து வீட்டு மரியான் கேட்டார்.

“கருவாடு காயப்போட.”

மரியான் வெறும் தரையைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

“மழைக்கு முன்ன அள்ளிரு” என்றார்.