கோடை அடுப்பின் புகை

பழைய இடத்திலிருந்து அடியோடு பெயர்த்து ரயில் பாதையோரம் இழுத்துப் போகும் வழியில் முந்தாநாள் நின்றுபோன மரவீடு இன்னும் புல்வெளியின் நடுவிலேயே, உருளைக் கட்டைகளின் மேல், பாதையைப் பார்த்தபடி நின்றது. இழுத்துவந்த நீராவி எந்திரத்தின் சக்கரம் உடைந்துவிட்டது. காட்லீப் வேறு சக்கரம் தேடிப் பாதையோரம் போயிருந்தான். அவன் மனைவி மாக்டலேனா அடுப்பை அணைக்கவில்லை. வீடு நகரும்போதும் அதில்தான் சமைத்தாள். பாதி ஊர் அப்படித்தான், அடுப்பு எரிய எரியத் தண்டவாளத்தருகே போய்ச் சேர்ந்திருந்தது.

வரைபடம் போடும் அரசாங்க ஆள் விட்கோம்ப் வாசலில் குதிரையை நிறுத்தினார்.

"இந்த வீட்டை எங்கம்மா குறிக்கிறது? உங்க வீட்டுக்காரர் பாதையோரம் போடுங்கங்கிறாரு. படத்துல ஊர் இருந்தாத்தான் ரயில் நிக்குமாம்."

"அவரு சொன்னா போட்டுடுங்க."

"சொன்னதையெல்லாம் போட்டா இந்தப் புல்லுக்குள்ள இந்நேரம் நாலு பட்டணம் இருக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "பின்னே எதைப் பாத்துப் போடுவீங்க?"

"மத்தியானம் அந்த மேட்டுல ஏறுவேன். எங்க அடுப்பு புகையுதோ அங்க ஆள் குடியிருக்கு. படத்துல அங்க ஒரு கறுப்புக் கட்டம் போட்டுடுவேன். அப்புறம் என் காலத்துல யாரும் அழிக்க மாட்டாங்க."

அவர் போன பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள். பாதையோரத் தண்ணீர் உப்பு. பழைய இடத்துக் கிணற்றை அவன் தோண்ட, அவள்தான் மண்ணைக் கயிற்றில் இழுத்துக் கொட்டினாள். வரமாட்டேன் என்று ஒருமுறை சொன்னாள். அவன் உருளைக் கட்டைகளை அடுக்கப் போய்விட்டான். அவர்கள் வீட்டில் எந்தச் சண்டையும் சத்தமாக நடந்ததில்லை.

கங்குகளை இரும்பு வாளியில் அள்ளிக்கொண்டு, மிச்சத்தின் மேல் தண்ணீர் ஊற்றினாள். சக்கரத் தடத்தின் வழியே திரும்பி நடந்தாள்.

பழைய இடத்தில் வீடு இருந்த குழியும், கிணறும், வெயில் காலத்தில் சமைக்கும் சிறு கொட்டகையும் மட்டும் இருந்தன. கொட்டகை அடுப்பில் வறட்டியை அடுக்கிக் கங்கைக் கொட்டி ஊதினாள். காற்றில்லாத நாள். புகை நேராக எழுந்தது.

வெளியே வந்தாள். மேட்டின் மேல் விட்கோம்பின் அளவைக் கருவி நிற்கும் முக்காலி சின்னதாகத் தெரிந்தது. கீழே, பாதைப் பக்கமிருந்து சக்கரத்தை ஏற்றிக்கொண்டு காட்லீப்பின் வண்டி வந்துகொண்டிருந்தது. புகையில்லாத வீட்டை நெருங்கியதும் குதிரைகள் நின்றன. அவன் இறங்கவில்லை. புகை எழும் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, கடிவாளத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.