கிழக்குப் பாதி மண்

தக்காளிச் செடி வாடிச் சாவதைப் பற்றி அந்த ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய மருமகளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பதினோரு வருஷமாக அதே வேலை. மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை வேர் வழியாக ஏறி, தண்டுக்குள் நீர் போகும் பாதையை அடைத்துவிடும். காய் பிடிக்கிற நேரத்தில் செடி தலையைத் தொங்கப் போட்டுவிடும். தண்டைக் கீறிப் பார்த்தால் உள்ளே பழுப்புக் கோடு. அதைத் தடுக்க அவள் செய்து பார்க்காத வித்தை இல்லை. எதுவும் முழுசாகக் கைகொடுக்கவில்லை.

சின்ன மருமகள் வந்தாள். இரண்டே வருஷத்தில் தடுத்துக் காட்டிவிட்டாள்.

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருந்தார்கள். ஒரே காரில் வேலைக்குப் போய் வந்தார்கள். சின்னவளை அந்த நிலையத்துக்கு விண்ணப்பம் போடச் சொன்னதே பெரியவள்தான். அதை இப்போது அவளைத் தவிர யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

சின்னவள் ஏதோ ஒரு புல்லின் வேரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அந்தக் கரைசலில் நாற்றின் வேரை நனைத்து நட்டாள். நனைத்து நட்டதில் நூற்றுக்குத் தொண்ணூறு செடி நின்றது. நனைக்காமல் நட்டதில் முக்கால்வாசி செத்தது. பத்திரிகையில் அவள் படம் வந்தது. மாமியார் அதை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார். பால் எடுக்கப் போனாலும் தண்ணீர் எடுக்கப் போனாலும் பெரியவள் ஓரகத்தியின் சிரித்த முகத்தில்தான் விழிக்க வேண்டியிருந்தது.

"சின்னவளுக்குக் கைராசி," என்றார் மாமியார்.

"கைராசி இல்ல அத்தை, பாக்டீரியா."

"ஏதோ ஒண்ணு. உனக்கு இத்தனை வருஷமா அது கிடைக்கலையே."

அன்று கணவன் மெல்லக் கேட்டான். "உனக்கு வயிறு எரியுதா?"

"எனக்கு எதுக்கு எரியணும்?"

"சும்மாதான் கேட்டேன். ரெண்டு வாரமா நம்ம வீட்டுப் பாத்திரமெல்லாம் ரொம்பச் சத்தமா விழுது."

அவள் கையிலிருந்த தட்டை மெல்ல வைத்தாள். எரிந்தது உண்மைதான். ஊரார் யாராவது கண்டுபிடித்திருந்தால் மனசு ஆறியிருக்கும். தினமும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "அக்கா, கொஞ்சம் ஏசியைக் குறைக்கட்டுமா?" என்று கேட்கிறவள் கண்டுபிடித்துவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் வேறு எதையோ தேடும்போது பெரியவளுடைய பழைய வயல் குறிப்பேடு கையில் அகப்பட்டது. உள்ளே ஒரு வரைபடம். ஆறு வருஷத்துக்கு முன்னால் சின்னவள் இப்போது சோதனை செய்த அதே வயலின் கிழக்குப் பாதியைப் பெரியவள் கோடையில் இரண்டு மாதம் பிளாஸ்டிக் தாளால் மூடிவைத்திருந்தாள். வெயிலில் மண் சூடேறி பூஞ்சை சாகட்டும் என்று செய்த சோதனை அது. சின்னவளோ, பாக்டீரியா பாசன நீரோடு ஓடி மற்றப் பாத்திகளில் கலந்துவிடக் கூடாது என்று, நனைத்த நாற்றையெல்லாம் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கிழக்குப் பாதியிலும் நனைக்காததை மேற்கிலும் நட்டிருந்தாள்.

அப்படியென்றால் செடியைக் காப்பாற்றியது அவள் பாக்டீரியா இல்லை. என்னுடைய பிளாஸ்டிக் தாள்.

பெரியவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று மத்தியானம் டப்பாவைத் துடைத்துச் சாப்பிட்டாள். சாயங்காலம் காரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. வருஷக் கூட்டத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. வெளி நிபுணர்கள் முன்னால் போட்டு உடைத்தால்தான் சரியாக உடையும்.

ஆனால் ஆதாரமில்லாமல் வாயைத் திறக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. நடவுக்கு முன்பு இரு பாதியிலும் எடுத்த மண்ணைச் சின்னவள் பாத்தி வாரியாகப் சிறு மூட்டைகளாகக் கட்டிக் கிடங்கில் வைத்திருந்தாள். சோதித்தபோது எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து சோதித்திருந்தாளே தவிர, கிழக்கையும் மேற்கையும் தனித்தனியாகப் பார்க்கவில்லை. சின்னவள் விடுப்பில் இருந்த நாளில் பெரியவள் ஒவ்வொரு மூட்டையிலும் கொஞ்சம் அள்ளி எடுத்துக்கொண்டாள். செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டின் மூலையில் கிழக்கு மண்ணில் இருபத்துநான்கு தொட்டி, மேற்கு மண்ணில் இருபத்துநான்கு. சீக்கிரம் நோய் பிடிக்கும் ரகமாகப் பார்த்து நட்டாள். எதையும் எதிலும் நனைக்கவில்லை.

அவள் கணக்குப்படி கிழக்குத் தொட்டிகள் பச்சென்று நிற்க வேண்டும். தினமும் வந்ததும் வராததுமாகப் போய்ப் பார்த்தாள். நான்காவது வாரம் மேற்குத் தொட்டிகள் வாடின. கூடவே கிழக்கும் வாடியது. மேற்கில் இருபத்திரண்டு, கிழக்கில் இருபத்தொன்று. தண்டுகளை ஒவ்வொன்றாகக் கீறினாள். எல்லாவற்றிலும் பழுப்புக் கோடு.

பிளாஸ்டிக் தாளின் பலன் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. இரு பாதியிலும் பூஞ்சை ஒரே அளவுக்கு இருந்திருக்கிறது. சின்னவளின் பாக்டீரியா நிஜமாகவே வேலை செய்திருக்கிறது. சின்னவளைவிட அது இப்போது பெரியவளுக்குத்தான் உறுதியாகத் தெரியும். எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் எழுதினாள். செடிகளையும் மண்ணையும் நீராவிக் கலனில் போட்டு அவித்து அப்புறப்படுத்தினாள். வீட்டுக்கு வந்து தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

கூட்டத்தில் சின்னவள் பேசி முடித்ததும் வெளியிலிருந்து வந்த நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதே வயல்ல பிளாஸ்டிக் தாள் போட்டுச் செஞ்ச சோதனை ஒண்ணோட அறிக்கையைப் படிச்சிருக்கேன். அதுவும் கிழக்குப் பக்கம்தான். அந்தப் பாதியில நோயே இல்லாம இருந்திருக்கலாமே?"

சின்னவளின் முகம் வாடிவிட்டது. அவள் திரும்பிப் பெரியவளைப் பார்த்தாள். "அப்படியா அக்கா?"

பெரியவள் ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். ஆசைப்பட்டது தானாகவே நடந்துகொண்டிருந்தது. சும்மா இருந்தால் போதும். நிபுணர் பேனாவைத் திறந்து, "அப்போ முடிவு நம்பத்தக்கதில்லைன்னு எழுதிக்கிறேன்," என்றார்.

இருபத்திரண்டு, இருபத்தொன்று. தன் கையால் கீறி எண்ணிய கணக்கு. அது யாருக்கும் தெரியாமல் போகும். தப்பான ஒரு வரி நிலைத்துவிடும். அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எழுதாதீங்க சார்," என்று எழுந்தாள். "கிழக்கு மண்ணைத் தனியா சோதிச்சிருக்கேன். நோய் இருந்தது. கணக்கு என்கிட்ட இருக்கு."

காரில் பாதி வழி வந்ததும் சின்னவள் கேட்டாள்.

"எப்போ அக்கா செஞ்சீங்க?"

"போன மாசம்."

"எனக்காகவா?"

பெரியவள் சாலையைப் பார்த்தே ஓட்டினாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"இல்ல. நீ தப்புன்னு காட்டறதுக்கு."

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பெரியவளுக்குப் பயமாக இருந்தது. அழவில்லை.

"கட்டுரையில உங்க பேரையும் போடுறேன்," என்றாள் கடைசியில். குரலில் சிரிப்பில்லை.

"போடு. ஆனா கடைசியில கொண்டுபோய்ச் சொருகாதே. ரெண்டாவதா போடு."

"சரி." கொஞ்ச தூரம் போனதும் சின்னவள் சொன்னாள். "இனிமே என் மண்ணைத் தொடணும்னா என்கிட்ட கேட்டுட்டுத் தொடுங்க அக்கா."

"கேக்கிறேன்," என்றாள் பெரியவள்.