கொடிமரத்து டிஷ்

அன்று எங்கள் தோப்பு மாதா கெபியின், அந்தச் சிறு குகைக் கோயிலின், முன்னால் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், தைரியராஜ், பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி பேட்ரிசியா, பிறவியிலேயே காது கேளாதவள். எங்கள் மகள் பெலிண்டா, பள்ளி ஆசிரியை. இன்டர்நெட் இணைப்பு கொடுக்க வந்த பாலக்கரை ஹபீபுல்லா, அவர் கொடிமரத்தின் மேலே இருந்தார். ஐந்தாவது, கெபியின் படியில் வைத்திருந்த லேப்டாப்பில், கனடாவிலிருந்து, பேட்ரிசியாவின் தங்கை லிசி. அவளுக்கும் பிறவியிலிருந்தே காது கேளாது. ஆறாவது ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே இல்லாதவர்கள்தான் அன்று நடந்ததை இன்று அதிகமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

எங்கள் வீடு கல்லணை ரோட்டில் உத்தமர்சீலி தாண்டி, வாழைத்தோப்புக்கு உள்ளே இருக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால் செல்போனில் ஒரு கோடு வரும், இறங்கினால் போய்விடும். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. பேச வேண்டியிருந்தால் காவிரிக் கரைக்கு நடந்து போய்ப் பேசிவிட்டு வருவேன். ஆனால் பேட்ரிசியாவுக்குக் குரல் எதற்கு? அவளுக்குப் படம் வேண்டும். படம் நிற்காமல் ஓட வேண்டும். அவளும் லிசியும் திருச்சியில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். ஆறு வருடம் முன்பு லிசியும் அவள் கணவர் டோமினிக்கும் மகனோடு இருக்கக் கனடா போனார்கள். அதன்பின் மாதம் ஒருமுறை பேட்ரிசியா பஸ் ஏறி, மன்னார்புரத்தில் பெலிண்டாவின் தோழி வீட்டுக்குப் போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு வருவாள். முழங்கால் வீங்கிய பிறகு பஸ் படி ஏற முடியவில்லை. சைகை தெரிந்த பெலிண்டாவைத் தவிர, எட்டு மாதம் அவள் யாரிடமும் பேசவில்லை.

என்னிடம் பேசவில்லையா என்று கேட்கலாம். நாற்பத்தோரு வருடக் குடித்தனத்தில் நான் கற்றுக்கொண்ட சைகைகள் முப்பது இருக்கும். சாப்பாடு, மாத்திரை, பஸ், யார், எப்போது, போதும். அதற்கு மேல் தேவைப்படும் என்று நான் நினைத்ததில்லை. கல்யாண வீடு, கோயில் என்று போனால் அவளுக்காக நான்தான் பேசுவேன். அவள் சிரித்தால் சத்தம் பெரிதாக வரும், அது அவளுக்குத் தெரியாது. நாலு பேர் திரும்பிப் பார்ப்பதற்கு முன் நான் அவள் முழங்கையைத் தொடுவேன். அவள் நிறுத்திவிடுவாள். எங்கள் குடும்பத்தை யாரும் வேடிக்கை பார்த்ததில்லை.

ஹபீபுல்லா முதல்முறை வந்தபோது தோப்பை ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சொன்னார், "ஐயா, நம்ம டவர் திருவானைக்கோவில்ல இருக்கு. அதுவும் இங்க கட்டுற டிஷ்ஷும் ஒண்ணையொண்ணு நேராப் பார்க்கணும். நடுவுல ஒரு தென்னை மட்டை ஆடுனாலும் படம் நிக்கும். இங்க மரத்துக்கெல்லாம் மேல நிக்கிறது அது ஒண்ணுதாங்க."

அவர் கை காட்டியது கொடிமரத்தை. ஐம்பதடித் தேக்கு. என் தாத்தா கெபி கட்டியபோது நட்டது. செப்டம்பர் திருவிழாவுக்குக் குடும்பத்தின் மூத்தவன் ஒருசந்தி நோன்பு இருந்து அதில் கொடி ஏற்றுவான். மறைமாவட்ட ஆயரே வந்த வருடம்கூட கயிற்றைத் தொட்டது எங்கள் கைதான். அதில் டிஷ் கட்டுவதா? மாடியில் குழாய் நட்டுக் கட்டுங்கள் என்றேன்.

"கட்டுறேங்க. ஆனா தென்னை எனக்குக் கட்டுப்படாது," என்றார்.

மாடியில் கட்டிய அன்று பதினோரு நிமிடம் படம் ஓடியது. பேட்ரிசியா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று லிசியின் முகம் அப்படியே நின்றது. கண்ணீர் கன்னத்தில் வழிய, வாய் கோணி, ஒரு கை நெற்றிக்குப் போகும் வழியில் நின்றது. பிறகு திரை கறுத்தது. டோமினிக்குக்கு ஒரு மாதம் முன்பு இருதய ஆபரேஷன் நடந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. சகலை போய்விட்டார்.

போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று பெலிண்டா பிற்பாடு கேட்டாள். துக்க வீட்டைக் கூப்பிட்டு "இறந்துட்டாரா" என்று விசாரிக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. மற்றவர்கள் சொல்லி நமக்குத் தெரிவது அதைவிடக் கேவலம். பெலிண்டா அந்த ஞாயிறு வரை பள்ளித் தேர்வு வேலையாகத் திருச்சியில் தங்கியிருந்தாள். நான் மறுநாளே பங்குச் சாமியாரைப் பார்த்து ஞாயிறு பூசையில் டோமினிக்கின் ஆன்ம இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொள்ளப் பெயர் கொடுத்தேன். கறுப்புப் பட்டை தைக்கச் சொன்னேன். பேட்ரிசியா இரண்டு நாளும் என் முன்னால் வந்து வந்து கையை ஆட்டினாள். இல்லை, இல்லை என்பது எனக்குத் தெரிந்த சைகைதான். தங்கை புருஷன் போனதை மனம் ஏற்கவில்லை என்று நினைத்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

ஞாயிறு பூசையில் சாமியார் பெயரை வாசித்தார். கோயிலே எழுந்து நின்று வேண்டிக்கொண்டது. மன்னார்புரத்திலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஜேக்கப் வெளியே போய் அழுதுகொண்டே கனடாவுக்குப் போன் போட்டார். எடுத்தது டோமினிக்.

"எனக்காகவா? அவ்வளவு பேரும் முட்டி போட்டாங்களா?" என்று கேட்டாராம்.

லிசி அழுதது எட்டு மாதம் கழித்து அக்காவைப் பார்த்த சந்தோஷத்தில். அதை முதல் நிமிடத்திலேயே பேட்ரிசியாவிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டில் அது தெரியாத ஒரே ஆள் நான்.

அதற்குப் பிறகு மூன்று நாள் பேட்ரிசியா என்னைப் பார்க்கவில்லை. சோறு வைத்தாள், மாத்திரை எடுத்து வைத்தாள், கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை. அவள் பார்க்காவிட்டால் நான் அவளிடம் எதையும் சொல்ல முடியாது. வேறு வீடுகளில் கத்துவார்கள். எங்கள் வீட்டில் சண்டை என்றால் இதுதான். நான்காம் நாள் காலை கரைக்கு நடந்து போய் ஹபீபுல்லாவைக் கூப்பிட்டேன்.

"பாய், கொடிமரத்துல கட்டிடுங்க. சிலுவைக்கு ஒரு முழம் கீழ. அதுக்கு மேல வரக் கூடாது."

"சிலுவை உயரத்துல எனக்கு வேலையே இல்லைங்க. மரம் ஆடுமா?"

"என் தாத்தா நட்டது. ஆடாது."

சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், சவூதியில் பதினெட்டு வருடம் டவர் ஏறியவர். அவராகவே செருப்பைக் கெபிக்கு வெளியே கழற்றி வைத்தார். பிஸ்மில்லா சொல்லி, இடுப்புப் பெல்ட்டை மரத்தைச் சுற்றி மாட்டி, கையும் காலுமாக ஏறினார். எங்கள் குடும்பம் அல்லாத ஒருவர் அந்த மரத்தில் ஏறுவதை நான் நின்று பார்த்தேன். மரம் ஆடவில்லை.

உச்சிக்குப் போய்ப் பெல்ட்டில் சாய்ந்து நின்று நாலு பக்கமும் பார்த்தார். பிறகு, "ஐயா!" என்றார். "இங்கேருந்து ராஜகோபுரம் தெரியுதுங்க. அந்தாண்ட மலைக்கோட்டை. ரெண்டு ஆறும் தெரியுது. இத்தனை வருஷமா உங்க கொடி மட்டும்தான் இதைப் பாத்துட்டு இருந்திருக்கு."

"டவர் தெரியுதா?" என்று பெலிண்டா கத்தினாள்.

"கோபுரத்துக்கு ரெண்டு விரக்கடை இடது பக்கம். இரும்மா, திருப்புறேன். இப்ப பாரு."

லேப்டாப்பில் லிசி வந்தாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. அவள் பின்னால் ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் தெரிந்தது. அவ்வளவு தூரத்துப் பனி, எங்கள் மாதாவின் காலடியில், நிற்காமல் விழுந்தது.

பேட்ரிசியா கையைத் தூக்கினாள்.

அதை எப்படி எழுதுவது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. பணிமனையில் கடைசல் இயந்திரங்களின் வேகத்தை நாள் முழுக்கப் பார்த்தவன் நான். அந்த விரல்களை என் கண்ணால் பின்தொடர முடியவில்லை. ஒருவர் முடித்து ஒருவர் தொடங்குவது இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது. புருவம் பேசியது, தோள் பேசியது, உதட்டோரம் ஒரு கேள்வியைக் கேட்டது. எனக்கு எடுத்துவைத்த மாத்திரையும் சோறும் அந்தக் கைகளின் ஓரம் மட்டும்தான். நான் ஒரு வீட்டின் வாசற்படியில் நாற்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே எத்தனை அறைகள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்ன சொல்றா?" என்று பெலிண்டாவிடம் கேட்டேன்.

"உங்களுக்குச் சொல்லிட்டிருந்தா நான் பாக்க முடியாதுப்பா. நீங்களே பாருங்க."

பார்த்தேன். பேட்ரிசியா எழுந்து நின்றாள். முழங்கால் வலியை மறந்து, முதுகை நிமிர்த்தி, மோவாயைத் தூக்கி, இல்லாத மீசையை ஒருமுறை நீவிக்கொண்டாள். கறுப்புப் பட்டையைச் சட்டையில் குத்தினாள். இரண்டடி நடந்தாள். யாரோ கெஞ்சி ஆட்டும் கையைப் பார்த்து, மிகுந்த பெருந்தன்மையோடு அந்த ஆளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். பணிமனையில் என் பின்னால் என்னைப்போல நடந்து காட்டியவர்கள் உண்டு. ஒருவரும் இவ்வளவு சரியாகச் செய்ததில்லை. அந்த நடை என் அப்பாவுடையதும்கூட. அவரை அவள் பார்த்தது மொத்தமே இரண்டு வருடம்.

லிசி திரையில் குனிந்து குனிந்து சிரித்தாள். கண்ணீர் வழிந்தது, வாய் கோணியது, கை நெற்றிக்குப் போனது. நான் பூசை கொடுத்த அதே முகம். இந்த முறை கை போய் நெற்றியில் அடித்துக்கொண்டது.

பேட்ரிசியா சிரித்தாள். தோப்பு முழுவதும் கேட்கும்படி, தொண்டையைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து. வாழைக்குள் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. மேலே ஹபீபுல்லா வேலையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். ரோட்டில் போன ஒரு சைக்கிள் நின்றது.

என் கை பழக்கத்தில் அவள் முழங்கைக்குப் போனது. அவள் திரும்பாமலே அதை எடுத்து ஓரமாக வைத்தாள், பேசும் இடத்தில் கிடந்த ஒரு துணியை எடுத்து வைப்பதுபோல. அவளுடைய கை அவளுக்கே வேண்டியிருந்தது. லிசியிடம் அடுத்ததைச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

மாதா கெபியில் ஊமைக்குப் பேச்சு வந்துவிட்டது என்று இப்போது கல்லணை வரைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். போன ஞாயிறு லால்குடியிலிருந்து ஒரு வேன் நிறைய ஜனம் மெழுகுவர்த்தியோடு வந்து நின்றது. அவர்களிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குப் பேச்சு முன்பே இருந்தது.